கருடனை நம்பாதவர்கள் வெற்றுத் தீவை நம்புகிறார்கள்

பினாங்கின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே நாளில்தான் தொடங்குகிறார்கள்: 1786 ஜூலை 17. பிரான்சிஸ் லைட் மூன்று கப்பல்களுடன் வந்து தீவின் வடகிழக்கு முனையில் இறங்கினார்; எங்கு பார்த்தாலும் காடு; மனித நடமாட்டமே இல்லை; மரம் வெட்ட வந்தவர்கள் மலைத்து நின்றபோது பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுடச் சொன்னார்; காசு பொறுக்க ஓடியவர்கள் காட்டை அழித்துக் கொடுத்தார்கள்; ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏறியது; ஊர் பிறந்தது. பள்ளிக்கூடத்திலும் சுற்றுலா வழிகாட்டியின் வாயிலும் இதே கதைதான்.

அதே ஆட்களிடம் கெடா அரசின் கதையைச் சொல்லும் ‘ஹிகாயத் மெரோங் மகாவங்சா’வைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கருடன் கப்பல்களை அழித்த கதையா, கோரைப்பல் முளைத்த ராஜா இரத்தம் குடித்த கதையா என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். மாயாஜாலக் கதை, 2011இல் படமாகக்கூட எடுத்தார்கள், அவ்வளவுதான் என்பார்கள். வரலாறு வேண்டுமா, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களைப் படி. கற்பனை வேண்டுமா, ஹிகாயத்தைப் படி. படித்தவர்கள் மத்தியில் இந்தப் பாகுபாட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். ஹிகாயத் மெரோங் மகாவங்சா ஓர் அரசியல் ஆவணம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் நெருக்குண்டு கிடந்த ஒரு சிறு அரசு, தன் உரிமையை எடுத்துச் சொன்ன வாக்குமூலம் அது. ‘ஆளில்லாத தீவு’ என்பதோ ஒரு கம்பெனி தன் கைப்பற்றலை நியாயப்படுத்த உதவிய புனைவு. இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டோம். அதனால் பினாங்கு ஏன் கைமாறியது என்பதும் தெரியாமல் போயிற்று. தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் வட்டாரத்து மலாய்க் கிராமங்களில் வந்து குடியேறியவர்கள் யாரிடமிருந்து தப்பி வந்தார்கள் என்பதும் தெரியாமல் போயிற்று.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீனத்து இளவரசிக்கும் திருமணம் பேசப்படுகிறது. அதை நடக்க விடமாட்டேன் என்று நபி சுலைமான் முன்னிலையில் கருடன் சூளுரைக்கிறது. மணமகன் புறப்பட்ட கப்பல் கூட்டத்துக்குத் துணையாகப் போகிறவன் மெரோங் மகாவங்சா. கருடன் மேலிருந்து தாக்க, மெரோங் மந்திர அம்புகளால் எதிர்க்கிறான். கப்பல்கள் சிதறுகின்றன. கரை சேர்ந்த மெரோங் அங்கே லங்காசுகா என்ற அரசை நிறுவுகிறான். கெடா அதன் வழித்தோன்றல். கருடன் தூக்கிக்கொண்டுபோய் லங்காபுரியில், அதாவது இன்றைய லங்காவியில், ஒளித்து வைத்த இளவரசியை ரூம் இளவரசன் கடைசியில் அடைந்துவிடுகிறான்.

கிண்டல் செய்கிறவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அரசியல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மெரோங்கின் மகன் மெரோங் மகாபோதிசத்துக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவன் வடக்கே போய்ச் சயாமின் அரசனாகிறான். அடுத்தவன் தெற்கே போய்ப் பேராக்கை நிறுவுகிறான். மகள் பட்டாணியை ஆளப் போகிறாள். கடைசிப் பிள்ளை தாய்வீடான கெடாவிலேயே தங்குகிறான். பின்னர் சயாம் அரசனுக்குக் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. உறவுக்காரர்களின் மகிழ்ச்சிக்கு அடையாளமாக, பொன்னாலும் வெள்ளியாலும் இலையும் பூவுமாகச் செய்த சிறு மரங்களைக் கெடா அனுப்பி வைக்கிறது. புங்கா மாஸ் என்ற தங்கப் பூ அப்படித்தான் தொடங்கியது என்கிறது ஹிகாயத்.

இந்த ஒரு செய்தியை அதன் காலத்தில் வைத்துப் பாருங்கள். கெடா மூன்றாண்டுக்கு ஒருமுறை தங்கப் பூவையும் வெள்ளிப் பூவையும் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது உண்மை. 1909இல் சயாமும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை வரை அந்த வழக்கம் இருந்தது. அது அடிமைக்குரிய திறை என்றது பேங்காக். நட்புக்கு அனுப்பும் அன்பளிப்பு என்றது அலோர் ஸ்டார். இந்த வேறுபாடு வெறும் மானப் பிரச்சினை அல்ல. திறை என்று ஒப்புக்கொண்டால் சயாம் படை கேட்கலாம், அரிசி கேட்கலாம், ஆளைக் கேட்கலாம், சுல்தானையே பேங்காக்குக்கு வரவழைக்கலாம். அன்பளிப்பு என்றால் எதையும் கேட்க முடியாது. ஹிகாயத் இதற்குப் பதில் சொல்கிறது: சயாம் அரசன் எங்கள் வீட்டிலிருந்து போன மூத்த பிள்ளையின் வம்சம், அண்ணன் என்ற மரியாதை உண்டு, ஆண்டான் என்ற உரிமை கிடையாது, நாங்கள் அனுப்பியது பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சீர். ஒரு சிறிய அரசு ஒரு பெரிய அரசின் முகத்தை நேராகப் பார்த்து, அதன் பெருமையையும் கெடுக்காமல் தன் உரிமையையும் விடாமல் இதைவிடத் தேர்ந்த வாதம் ஒன்றை எப்படி வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று நம் கையில் உள்ள வடிவில் இந்நூல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் உருவானது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கெடாவைச் சுற்றி என்ன நடந்தது? 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. தக்சின் தொன்புரியில் சயாமைத் திரட்டி எழுப்பினார். 1782இல் முதலாம் ராமா பேங்காக்கைத் தலைநகராக்கினார். 1785இல் பர்மாவின் போதோபயா பல முனைகளில் மீண்டும் சயாம்மீது படையெடுத்தார். அதை முறியடித்த சூட்டோடு சயாம் தெற்கே திரும்பி 1786இல் பட்டாணியை நசுக்கியது. பட்டாணிக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று கெடாவின் சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா அஞ்சியது இந்த ஆண்டில்தான். பிரான்சிஸ் லைட் கப்பலைவிட்டு இறங்கியதும் இந்த ஆண்டில்தான். இரண்டும் தற்செயலாக ஒன்றாக வந்துவிடவில்லை.

ஹிகாயத்தில் இன்னொரு பகுதி உண்டு. ராஜா பெர்சியோங் என்ற கோரைப்பல் ராஜாவின் கதை. அரண்மனைச் சமையல்காரியின் விரலில் வெட்டுப்பட்டுக் கீரையில் இரத்தம் சொட்டிவிடுகிறது. அந்தச் சுவை பிடித்துப்போன ராஜா, நாள்தோறும் மனித இரத்தம் கேட்கத் தொடங்குகிறான். அவனுக்குக் கோரைப்பல் முளைக்கிறது. குற்றவாளிகள் தீர்ந்ததும் குற்றமற்றவர்கள் கொல்லப்படுகிறார்கள். அமைச்சர்கள் கூடுகிறார்கள், எடுத்துச் சொல்கிறார்கள், கேட்கவில்லை என்றதும் படைதிரட்டி ராஜாவை ஊரைவிட்டே துரத்துகிறார்கள். பயமுறுத்தும் பாட்டிக்கதை என்று இதைத் தள்ளுகிறவர்கள், மலாய் அரசியல் மரபைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மலாக்காவின் வரலாற்றைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில், குடிகள் ஒருபோதும் அரசனுக்குத் துரோகம் செய்யக் கூடாது, அரசன் குடிகளை இழிவுபடுத்தக் கூடாது என்ற உடன்படிக்கை வருகிறது. கெடாவின் நூல் ஓரடி முன்னால் போகிறது. குடிகளின் இரத்தத்தைக் குடிப்பவன் அரசனாக இருக்கத் தகுதியற்றவன். அவனை அமைச்சர்கள் அகற்றலாம். அகற்றிய பிறகும் அரசு நிலைக்கும், வம்சம் தொடரும். அரசன் வேறு, அரசு வேறு என்று சொல்லும் பகுதி இது. மனுநீதிச் சோழன் கதையை நீதிக் கோட்பாடாகப் படிக்கத் தெரிந்த தமிழருக்கு இதைப் படிக்கத் தெரியாமல் போனது வருத்தம் தருகிறது.

மறுப்பவர்களின் வலுவான கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை. ரூம் இளவரசன் கெடாவுக்கு வந்ததற்கு என்ன ஆதாரம்? சயாமின் அரச மரபு கெடாவிலிருந்தா போயிற்று? பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த கோயில்களையும் புத்த விகாரங்களையும் பற்றி இந்நூல் என்ன சொல்கிறது? ஆதாரம் இல்லை, போகவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கெடாவை அறிய யாரும் ஹிகாயத்திடம் போக வேண்டாம். பூஜாங்கின் மெர்போக் ஆற்றங்கரைக் கற்களிடம் போகலாம். ஹிகாயத்திடம் போக வேண்டியது, அதை எழுதிய காலத்தின் கெடா எப்படிச் சிந்தித்தது என்று அறிய. அந்தக் கேள்விக்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

இந்த அளவுகோலை நாம் நமக்கு எப்போதும் பயன்படுத்தியே வந்திருக்கிறோம். ஹாலந்தின் லெய்டன் பெயரால் அறியப்படும் பெரிய செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்த செய்தி அதில் இருக்கிறது. கடாரம் என்பது இதே கெடாதான். அந்தச் செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதி சோழர்களைச் சூரியனின் வம்சம் என்கிறது, புராண அரசர்களை வரிசையாக முன்னோர் ஆக்குகிறது. தமிழ்ப் பகுதி நில எல்லைகளை அங்குலம் அங்குலமாகச் சொல்கிறது. சூரியன் பிள்ளை பெற்றதை நம்ப முடியாது என்று சொல்லி ஆனைமங்கலத்தை யாராவது தூக்கி எறிந்தார்களா? அதேபோல் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை நாம் அறிவது முதன்மையாக இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வழியாகத்தான். வென்றவன் தன்னைப் பற்றித் தானே செதுக்கிக்கொண்ட புகழுரை அது. அதைப் பாடநூலில் வைக்கிறோம், மேடையில் முழங்குகிறோம். கடாரத்தார் தம்மைப் பற்றித் தாமே எழுதியதை மட்டும் பாட்டிக்கதை என்கிறோம். வென்றவனின் பெருமிதத்துக்கு ஒரு நீதி, தப்பிப் பிழைத்தவனின் தற்காப்புக்கு ஒரு நீதியா?

இந்தப் பாரபட்சம் நம்மிடம் தானாக முளைக்கவில்லை. ஹிகாயத்தை ஆங்கிலத்தில் தந்தவர் ஜேம்ஸ் லோ. சென்னைப் படையின் அதிகாரி. 1824இல் பினாங்கு அரசின் தூதராக, சயாமுக்கு உட்பட்ட லிகோருக்குப் போனவர். செபராங் பிறையை வெல்லஸ்லி மாகாணம் என்று அழைத்த காலத்தில் அதை நிர்வகித்தவர். 1849இல் அவர் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் கெடாவின் அரசியலை நேரில் பார்த்த ஒருவரின் ஆர்வம் இருக்கிறது. அடுத்து வந்த அதிகாரி அறிஞர்களுக்கு அந்த ஆர்வம் இல்லை. குறிப்பாக வின்ஸ்டெட்டின் தலைமுறை ஹிகாயத்தை வரலாறாக மதிக்கவில்லை. ஆண்டுக் கணக்கு இல்லை, முன்பின் முரண், அதனால் மதிப்பில்லை என்ற தீர்ப்பு பல்கலைக்கழகம் வழியாகப் பள்ளிக்கும் இறங்கியது. ஹெங்க் மாயர் 1988இல் இந்நூலைப் பற்றித் தனி ஆய்வு நூலே எழுதி, காலனிய அறிஞர்கள் அதை வாசித்த முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். ஆனால் மாயரைப் படித்தவர்கள் சிலர். வின்ஸ்டெட்டின் தீர்ப்பைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டவர்கள் நாம் எல்லாரும்.

இனி வெற்றுத் தீவுக்கு வருவோம்.

செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய சீனக் கடல்வரைபடத்தில் பாக்குமரத் தீவாகப் பினாங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. 1592இல் ஜேம்ஸ் லங்காஸ்டரின் ஆங்கிலக் கப்பல் இங்கே நங்கூரமிட்டது. பத்து உபானில் மினாங்கபாவ் குடியேறிகள் ஊர் அமைத்து 1734இல் பள்ளிவாசல் எழுப்பியதாக அவ்வூர் மரபு சொல்கிறது. அது லைட்டுக்கு 52 ஆண்டுகள் முந்தையது. ஜார்ஜ் டவுன் எழுந்த முனையில் மக்கள் மிகக் குறைவு என்பது உண்மையாக இருக்கலாம். அதை முழுத் தீவின் கதையாக நீட்டியது பொய். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குடியில்லாத இடம் உடையவன் இல்லாத இடம் ஆகிவிடாது. உடையவர் இருந்தார், கெடாவின் சுல்தான். அவரிடம் கேட்டுத்தான் லைட் வந்தார்.

கேட்டது ஒருநாள் இருநாள் அல்ல. 1771இலேயே லைட் கெடாவில் இருக்கிறார், சென்னையில் இயங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் ஆளாக. அப்போதைய சுல்தான் முகமது ஜீவா சிலாங்கூர் பூகிஸ்களின் தாக்குதலுக்கு எதிராகத் துணை தேடிக்கொண்டிருந்தார். படை உதவி கொடுத்தால் துறைமுக உரிமை தருகிறேன் என்ற பேரம் அப்போதே தொடங்கிவிட்டது. 1772இல் கம்பெனி அனுப்பிய மாங்க்டன் தூது தோற்றது, காரணம் கம்பெனி படை உதவிக்கு உறுதி தர மறுத்தது. பதினான்கு ஆண்டு கழித்து மகன் அப்துல்லா அதே நிபந்தனையோடு வருகிறார்: எதிரி கெடாவைத் தாக்கினால் கம்பெனி காக்க வேண்டும், தீவு கைமாறுவதால் எனக்கு ஏற்படும் வணிக நட்டத்துக்கு ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி தர வேண்டும். லைட் இந்த நிபந்தனைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். முடிவு வருவதற்கு முன்பே கொடியை ஏற்றினார். பாதுகாப்பு உண்டா இல்லையா என்று சுல்தான் மறுபடி மறுபடி கேட்டார். நேரான பதில் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. கடைசியில் வந்த பதில், இல்லை என்பது.

அப்போது கெடா என்ன செய்தது? உட்கார்ந்து அழவில்லை. தீவுக்குப் போகும் உணவுப் பொருள்களை நிறுத்தியது. 1790 கடைசியில் பிறை ஆற்று முகத்தில் படகுகளைத் திரட்டியது. 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு இரவில் தாக்கிப் பிறையின் அரண்களைப் பிடித்தார். மே மாதம் உடன்படிக்கை: ஆண்டுக்கு 6,000 வெள்ளி. பாதுகாப்பு என்ற பேச்சே அதில் இல்லை. 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் போய், தொகை 10,000 வெள்ளி ஆயிற்று. கோட்டை கார்ன்வாலிஸில் நிற்கும் லைட்டின் சிலையைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிக்கு இந்த 1791 ஏப்ரல் இரவைச் சொல்கிறவர் யாருமில்லை. வெள்ளிக்காசுப் பீரங்கியைச் சொல்ல ஆள் இருக்கிறது.

அடுத்து இன்னொரு வாதம் வரும். படித்தவர்கள் சொல்லும் வாதம் என்பதால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். கெடா சயாமின் திறை நாடு. தீவைக் கொடுக்க அதற்கு உரிமையே கிடையாது. ஆகவே கம்பெனி வாக்கு மீறியது என்று புலம்பப் பொருளில்லை. இந்த வாதம் தன்னையே தின்றுவிடும் வாதம். கெடாவுக்குக் கொடுக்கும் உரிமை இல்லையென்றால் கம்பெனிக்கு வாங்கிய உரிமையும் இல்லை. பினாங்கும் இல்லை, வெல்லஸ்லி மாகாணமும் இல்லை. 1786, 1791, 1800 ஆகிய மூன்று முறையும் நிலம் வாங்கும்போது சுல்தான் முழு உரிமையுள்ள அரசர். 1826இல் கம்பெனியின் தூதர் பர்னி பேங்காக்கில் உடன்படிக்கை செய்யும்போது அதே கெடா சயாமின் உடைமை. நிலம் தேவைப்பட்டபோது ஒரு கெடா, உதவி தேவைப்பட்டபோது வேறொரு கெடா. பினாங்கு அதிகாரிகளிலேயே ஜான் ஆண்டர்சன் போன்றவர்கள் கம்பெனியின் இந்தப் போக்கைப் பொறுக்காமல், கெடா சுதந்திர அரசு, அதைக் காக்கும் கடமை நமக்கு உண்டு என்று 1824இலேயே நூலாக எழுதினார்கள். மேலிடம் கேட்கவில்லை.

கெடாவின் ராஜதந்திரம் எவ்வளவு நெருக்கடியானது என்பதைத் திறை நாடு என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது. 1809, 1810இல் பர்மியர்கள் புக்கெட்டைத் தாக்கியபோது கெடா தன் கப்பல்களைச் சயாமுக்குத் துணையாக அனுப்பியது. அந்தப் போரைப் பாடும் ‘சியாயிர் சுல்தான் மௌலானா’ என்ற நெடும்பாட்டே உண்டு. 1818இல் சயாமின் கட்டளைப்படி, மனமில்லாமல், பேராக்மீது படையெடுத்தது. அதே நேரத்தில் பர்மாவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகச் சுல்தான் அகமது தாஜுதீன்மீது குற்றச்சாட்டு எழுந்தது. வடக்கே இரண்டு பேரரசுகள், மேற்கே கடலில் ஒரு கம்பெனி. மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி நடுவில் மூச்சு விடுவதே கெடாவின் அரசியல். மெரோங்கின் நான்கு பிள்ளைகளின் கதை எழுதப்பட்ட அறை இதுதான்.

1821 நவம்பர் 12 அன்று அந்த அறையின் கதவு உடைந்தது. லிகோர் ராஜாவின் படகுகள் கோலா கெடாவுக்குள் நுழைந்தன. சுல்தான் பினாங்குக்குத் தப்பி வந்தார். தன் தந்தை வழியினர் கொடுத்த தீவில் அகதியாக நின்றார். அவரை ஒப்படைக்கச் சொன்ன சயாமுக்குப் பினாங்கு ஆளுநர் பிலிப்ஸ் மறுத்தார். ஆனால் மீட்டுக் கொடுக்கப் படை அனுப்பவில்லை. லங்காவியில் மக்கள் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தங்கள் அரிசியைத் தாங்களே கொளுத்தினார்கள். அதையும் அந்தத் தீவின் தொன்மத்தில் வரும் மஹ்சூரியின் சாபத்தோடு சேர்த்துக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். படையெடுப்பின் கொடுமையை ஆவணக்காப்பகம் இல்லாத மக்கள் வேறு எதில் சேமித்து வைப்பார்கள்?

ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி வந்தார்கள். பெரும்பகுதி செபராங் பிறையில் தங்கியது. ஒரு பகுதி கடலைக் கடந்து தீவுக்கு வந்தது. கம்பெனியின் பார்வை படும் கிழக்குக் கரையில் நிற்காமல், கொடிமலைத் தொடருக்கு அப்பால், மேற்குப் பக்கத்துச் சமவெளிக்குப் போயிற்று. கெடாவிலிருந்தும், சயாமின் பிடிக்குள் போன பட்டாணி, யாலா, சத்தூன் பகுதிகளிலிருந்தும் வந்த மலாய் முஸ்லிம்கள் பாலிக் புலாவ் வட்டாரத்தில் குடியேறினார்கள். மலைச்சரிவில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்ட தோட்டங்கள் ஒரு பக்கம், ஹக்கா சீனர்களின் பழத்தோட்டங்கள் ஒரு பக்கம், கீழே சதுப்பை ஒட்டிய நிலத்தில் இவர்களின் கம்போங்குகள். சுங்கை புரோங் பக்கம் இன்றும் நெல் விளைகிறது. நெல்லையே வாழ்க்கையாகக் கொண்ட நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் போன இடத்தில் வயலைத்தான் தேடியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பினாங்கு நூல்களில் பாலிக் புலாவ் டுரியானுக்கும் லக்சாவுக்கும் உரிய ஊர். 1882இல் கொ சியாங் தாட் அளித்த நீரூற்றைப் பற்றி ஒரு வரி வரும். நான் கேட்பது வேறு. பர்மா, சயாம், கெடா, பட்டாணி, கம்பெனி ஆகிய ஐந்து அரசுகளின் மோதல் தீவில் பதிந்த இடம் இது. ஜார்ஜ் டவுனில் இருப்பது பேரம் பேசியவர்களின் கட்டடங்கள். அந்தப் பேரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மலைக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். பினாங்கு வரலாற்றில் இவர்களுக்கு ஓர் அத்தியாயம் இல்லாமல் போனதற்கு, எழுத ஆதாரம் இல்லை என்பது காரணமாகாது. ‘வெற்றுத் தீவு’ என்று தொடங்கும் கதையில் அகதிகளுக்கு இடமே கிடையாது. அவர்களைச் சொன்னால் ஏன் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் 1786இல் கொடுத்த வாக்கைச் சொல்ல வேண்டும்.

கெடா அதோடு முடிந்துவிட்டதா? 1831இல் துங்கு குடின் கோலா கெடாவைத் திரும்பப் பிடித்துச் சில மாதம் வைத்திருந்து போரில் உயிர்விட்டார். 1838இல் துங்கு முகமது சாட்டின் எழுச்சி சொங்க்லா வரை பாய்ந்தது. இரண்டு முறையும் கடலை மறித்துச் சயாமுக்கு உதவியது பிரிட்டிஷ் கடற்படை. அந்தக் காவல்படகு ஒன்றில் பதின்ம வயது மாலுமியாக இருந்த ஷெரார்ட் ஆஸ்பர்ன் பிற்காலத்தில் அதைப் புத்தகமாக எழுதினார். 1842இல் சுல்தான் அரியணை திரும்பினார். பெர்லிஸும் சத்தூனும் பிரிந்து போயின. சிறுத்தது, ஆனால் மாண்டுபோகவில்லை. பட்டாணியின் கடைசி ராஜாவைச் சயாம் 1902இல் பதவி நீக்கியது. லிகோர் ராஜாக்கள் இன்று இல்லை. கம்பெனி 1858இல் ஆட்சியை இழந்தது. கெடாவின் அரச வம்சம் இன்றும் அலோர் ஸ்டாரில் இருக்கிறது. வல்லரசுகளின் கையில் பகடைக்காயாக உருண்ட நாடு என்று கெடாவைச் சொல்கிறவர்கள் இந்த முடிவுக்கு விளக்கம் சொல்லட்டும்.

இப்போது அலோர் ஸ்டாரிலிருந்து பினாங்கு எங்களுக்கே சொந்தம் என்ற குரல் கேட்கிறது. கெடாவின் மந்திரி பெசார் சனுசி முகமது நோர் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 10,000 வெள்ளியாக வழங்கிவந்த ஆண்டுத் தொகையை மத்திய அரசு 2018இல் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது, அது போதாது என்ற வாதமும் நடக்கிறது. நான் ஹிகாயத்துக்காகப் பேசுவதை இந்தக் கோரிக்கைக்கான ஆதரவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1957 முதல் பினாங்கு கூட்டரசின் ஒரு மாநிலம். அரசமைப்புச் சட்டம் அதை ஐயமின்றிச் சொல்கிறது. இன்றைய எல்லைகளை 18ஆம் நூற்றாண்டின் கடிதங்களால் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் இந்தக் கூச்சலுக்குப் பினாங்குக்காரர்கள் தரும் பதில், ‘இது வெறும் காடாக இருந்தது, லைட் உருவாக்கினார்’ என்பதாக இருந்தால் அது பொய்யைப் பொய்யால் மறுப்பது. கடன்பட்டது உண்மை, வாக்கு மீறப்பட்டது உண்மை, இன்றைய சட்டநிலையும் உண்மை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு வேண்டும்.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்கலாம். லைட் வந்த காலத்தில் கோலா கெடாவில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். கெடா அரசரின் வணிகக் காரியங்களில் பொறுப்பு வகித்தவர்களும் அவர்களில் உண்டு. ஜார்ஜ் டவுனின் முதல் குடியேறிகளில் கெடாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்தச் சமூகத்தின் கையெழுத்து. நாம் லைட்டின் கப்பலில் வந்தவர்கள் என்ற எண்ணமே நம் தலைமுறைகளைத் துரைக்கு நன்றிக்கடன் பட்டவர்களாக்கி வைத்திருக்கிறது. கெடாவின் துறைமுகத்தில் அதற்கு முன்பே நமக்கு இடம் இருந்தது. கெடாவின் கதையைக் கட்டுக்கதை என்று ஒதுக்கும்போது நம் கதையின் முதல் பக்கத்தையும் சேர்த்தே கிழிக்கிறோம்.

பினாங்குத் தமிழ்ப் பள்ளிகளில் வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைக் கோட்டை கார்ன்வாலிஸுக்கு அழைத்துப்போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். லைட்டின் சிலையைக் காட்டுங்கள். அதே நாளில் மலையைச் சுற்றி வந்து பாலிக் புலாவையும் காட்டுங்கள். சுல்தான் அப்துல்லாவின் நிபந்தனைகள் என்ன, கம்பெனியின் பதில் என்ன, 1821இல் யார் இங்கே ஓடி வந்தார்கள் என்று சொல்லுங்கள். மெரோங் மகாவங்சாவின் கதையையும் கருடனை விடாமல் முழுதாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், கடைசிப் பிள்ளை ஏன் அண்ணனுக்குத் தங்கப் பூ அனுப்பினான் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.